மேல படிக்கட்டுமா, அத்தை?

போன மாதம் சுங்கை சிப்புட்டில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. பசியாறிவிட்டு எல்லாரும் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, "அத்தை, நான் மேல படிக்கட்டுமா?" என்றாள்.

அவளுக்கு 23 வயது. உயிரியலில் பட்டம் வாங்கியிருக்கிறாள். ஆய்வுக்கூடக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. மாதம் 2,800 வெள்ளி. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "இன்னும் என்ன படிப்பு? டாக்டருக்குத்தான் கிடைக்கல. பி.டி.பி.டி.என். கடன் அப்படியே நிக்குது. கையில வேலை இருக்கு, போக வேண்டியதுதானே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. லாரி ஓட்டி மூன்று பிள்ளைகளைக் கரையேற்றப் பார்க்கும் மனிதரின் களைப்பு அது.

நான் அவளிடம் கேட்டேன்: "எதுக்காக மேல படிக்கணும்?"

"கூட்டாளிங்க எல்லாரும் அப்ளை பண்றாங்க, அத்தை. வெறும் டிகிரி பத்தாதுன்னு சொல்றாங்க."

இந்தப் பதில் எனக்கு மிகவும் பழக்கமானது. ஊடகத் துறையில் பட்டம் முடித்த கையோடு நானும் இதே காரணத்துக்காகத்தான் முதுகலையில் சேர்ந்தேன். ஓராண்டில் விட்டுவிட்டேன். பல்கலைக்கழகத்தின் மேல் குறை சொல்ல மாட்டேன். எதை ஆராயப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கட்டணத்துக்காக அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஒன்றைத்தான் மீட்டோம். பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய வளையல். அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதனால் அவளுக்கு உடனே "படி" என்றும் சொல்ல முடியவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்ல முடியவில்லை. அன்று அவளிடம் பேசியதையும், பிறகு தெரிந்தவர்களிடம் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன். காலை நிகழ்ச்சியில் கல்வி பற்றிப் பேசும் நாள்களில் இதே கேள்வி ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உயிரியலில் ஆராய்ச்சிப் பட்டம் என்பது ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு ஆறாம் படிவம் மாதிரி அடுத்த வகுப்பு இல்லை. அது ஒரு வேலை. காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய், ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, அது ஏன் சரியாக வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை. வளர்க்கும் உயிரணுக்களுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. வேளைக்குத் தீனி போடாவிட்டால் செத்துப்போகும். ஆகவே வேலைக்குப் போகுமுன் என்ன கேட்போமோ அதையெல்லாம் இங்கேயும் கேட்க வேண்டும். என்ன வேலை? முதலாளி யார்? சம்பளம் யார் தருவார்? எத்தனை நாள்?

நம் நாட்டில் முதுகலை இரண்டு மூன்று வகையாக இருக்கிறது. பாடங்கள் எடுத்துத் தேர்வு எழுதி முடிப்பது ஒன்று. முழுக்க ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதுவது இன்னொன்று. இரண்டும் கலந்ததும் உண்டு. பாட வழி முதுகலைக்குப் பெரும்பாலும் நாமேதான் கட்டணம் கட்ட வேண்டும். பிஎச்.டி. வரை போக நினைப்பவர்களுக்கு ஆராய்ச்சி வழிதான் பொருத்தம். இந்த வித்தியாசம் தெரியாமலே விண்ணப்பப் பாரத்தை நிரப்புகிறவர்கள் நிறைய.

சரி, என்ன வேலை? ஆராய்ச்சி என்றாலே ஏதோ அமெரிக்காவில் நடப்பது என்று நினைக்கிறோம். நம் ஈப்போவிலேயே நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமாகப் பிள்ளைகளைத்தானே தாக்கும்? இங்கே விழுந்தவர்கள் பண்ணையில் உழைத்த பெரியவர்கள். பன்றிகளும் நோயில் விழுந்தன.

அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் துறையில் மேற்பயிற்சியில் இருந்தவர் டாக்டர் சுவா காவ் பிங். 1999 மார்ச்சில் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அவர் ஒரு வைரஸை வளர்த்தெடுத்தார். அது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் குடும்பமே இல்லை என்று தெரிந்தது. உலகுக்கே புதிய வைரஸ். நோயாளியின் ஊரான கம்போங் சுங்கை நிப்பாவின் பெயரால்தான் இன்று உலகம் அதை நிப்பா என்கிறது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பிறகு அந்த வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பதும் தெரிய வந்தது. நோய் தொடங்கிய பண்ணையில் பன்றிக் கொட்டகைகளுக்குப் பக்கத்திலேயே மாமரங்கள் இருந்தன.

இதை அவளிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் ஒரு பதிலை வைத்துக்கொண்டிருந்தபோது, "இது பொருந்தவில்லையே" என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆராய்ச்சி மாணவரின் வேலை அதுதான். "உனக்கு எது பொருந்தாம உறுத்துது?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. எதிரே ஒரு சிறுதோட்டக்காரரின் ரப்பர் மரங்கள் கொஞ்சம் நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் செம்பனையும் தாமானும் ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே அம்மா, "அந்தக் காலத்துல வருசத்துக்கு ஒரு தடவ இலை கொட்டும். இப்ப எப்பப் பார்த்தாலும் மொட்டையா நிக்குது. பால் எங்கேருந்து வரும்?" என்றார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி ஆண்டு ஆய்வுக்கு அவள் எடுத்தது இலைப் பூஞ்சை. "பாட்டி, இலையில வட்ட வட்டமாப் புள்ளி இருந்துச்சா?" என்று கேட்டு எழுந்தே போய்விட்டாள். சில ஆண்டுகளாக இந்தோனேசியாவிலும் நம் நாட்டிலும் ரப்பர் மரங்களை ஒரு புதிய இலையுதிர் நோய் தாக்கி வருகிறது. பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூஞ்சையின் பெயரால் அதை அழைக்கிறார்கள். உண்மையில் எந்தப் பூஞ்சை முதல் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் பேராக்கில், கோலகங்சாரில், 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் வம்சத்தை நம்பி மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துப் பெண், அதன் நோயைப் படிக்க நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

கேள்வி கிடைத்துவிட்டது. அடுத்தது முதலாளி. ஆராய்ச்சிப் படிப்பில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர் முக்கியம். பினாங்கு யூ.எஸ்.எம்., மலாயாப் பல்கலைக்கழகம், யூ.பி.எம்., நம் கம்பாரில் இருக்கும் யூ.டி.ஏ.ஆர். என்று எதுவாகவும் இருக்கட்டும். அங்கே உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் யார் வேலை செய்கிறார் என்று முதலில் தேடுங்கள். அவருடைய அண்மைய ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையாவது படியுங்கள். பிறகு மின்னஞ்சல் எழுதுங்கள். நான் யார், உங்கள் ஆய்வில் எது என்னை இழுத்தது, எனக்கு என்ன செய்யத் தெரியும், உங்களிடம் மாணவருக்கு இடமும் மானியமும் இருக்கிறதா? ஒரு பக்கம் போதும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் நாற்பது பேரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவரிடம் பேசுவது போலவே, அவரிடம் படிக்கும் மாணவர்களிடமும் பேசுங்கள். பெண் பார்க்கப் போனால் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம் இல்லையா, அது போல. எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள்? வாரம் ஒரு முறையாவது பேராசிரியரைப் பார்க்க முடியுமா? மானியம் பாதியில் முடிந்தால் என்ன ஆகும்? பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா, ஏன்? அவர்கள் தயங்கும் இடத்தில் உங்களுக்குப் பதில் கிடைக்கும்.

மூன்றாவது பணம். பெற்றோர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆராய்ச்சி வழிப் படிப்பில் மேற்பார்வையாளரின் மானியத்திலிருந்து ஆராய்ச்சி உதவியாளராக மாதப் படி வாங்கிக்கொண்டே படிக்க முடியும். உயர்கல்வி அமைச்சின் மைபிரைன் போன்ற உபகாரச் சம்பளங்களும் உண்டு. விதிகள் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் நிலவரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் உயிரியல் பிஎச்.டி.க்கு இளங்கலை முடித்தவுடனே விண்ணப்பிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நல்ல திட்டங்களில் கட்டணமும் அவர்களே கட்டி, வாழ்க்கைச் செலவுக்கும் கொடுக்கிறார்கள். முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முடிக்க ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல உயிரியல் துறைகள் கைவிட்டுவிட்டன. சிங்கப்பூரின் சிங்கா விருது வெளிநாட்டு மாணவர்களின் பிஎச்.டி. கட்டணத்தையும் மாதப் படியையும் ஏற்கிறது. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் இல்லை. அங்கே பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள்.

ஆக, உயிரியல் பிஎச்.டி.க்காக வீட்டை அடமானம் வைக்கச் சொல்லும் இடம் இருந்தால், இன்னும் நன்றாகத் தேடுங்கள் என்பேன். பி.டி.பி.டி.என். கடனையும் சும்மா விட்டுவிடாதீர்கள். மேற்படிப்பில் இருப்பவர்கள் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். நாம் கேட்டால்தான் அது நடக்கும்.

விண்ணப்பத்தில் இரண்டு விஷயம். பரிந்துரைக் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட, நீங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவரிடம் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். நோக்க உரையில் "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். செய்த ஆய்வைச் சொல்லுங்கள். அதில் எது தப்பாகப் போனது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். தோற்ற சோதனையை மறைக்கத் தேவையில்லை. படிக்கிறவர்களும் அதைக் கடந்து வந்தவர்கள்தான்.

இன்னும் குழப்பமா? அப்படியானால் ஓராண்டு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை செய்து பாருங்கள். பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதும் லாபம்தான். வயது போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் பிஎச்.டி. முடித்தார். அதற்குப் பிறகுதான் உயிரியல் தன்னை இழுக்கிறது என்று கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். உயிரணுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாரும் நோபல் வாங்கப் போவதில்லை. ஆனால் டாக்டர் பட்டத்தோடு திரும்பவும் முதல் வரிசையில் போய் உட்கார அவர் வெட்கப்படவில்லை.

வேலைக்குப் போவதும் குறைந்த முடிவு இல்லை. அந்த 2,800 வெள்ளியால் ஒரு குடும்பம் மூச்சு விடும் என்றால், அதுவும் நல்ல காரணம்தான். காரணம் நம்முடையதாக இருக்க வேண்டும். கூட்டாளிகளுடையதாக இருக்கக் கூடாது.

அவள் ஐந்து பேருக்கு எழுதினாள். இருவரிடமிருந்து பதில் இல்லை. ஒருவர் இந்த ஆண்டு மானியம் இல்லை என்றார். ஒருவர் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார. இன்னொருவர் ஆறு மாதம் ஆராய்ச்சி உதவியாளராக வந்து பார், பிடித்தால் பதிந்துகொள் என்றிருக்கிறார். படி, விற்பனை வேலையின் சம்பளத்தைவிடக் குறைவு. அவள் அதைத்தான் எடுத்திருக்கிறாள்.

அண்ணனுக்கு இன்னும் முழு மனது இல்லை. ஆனால் போன வாரம் லாரியைத் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் நிறுத்தி, சாலையோரத்து ரப்பர் இலை ஒன்றைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியிருக்கிறார். கீழே ஒரே வரி: "இதுவும் அந்த நோயா பாரு."