அரை நொடியும் பதினோரு மாதமும்

நிலவின் முகத்தில் ஒரு கரும்புள்ளி. உற்று நோக்கினால் அது புள்ளியன்று. சிறகு விரித்த கலம்! மனிதன் சமைத்த பன்னாட்டு விண்வெளி நிலையம், நிலவின் முன்னே கடந்து செல்லும் காட்சி. தொலைநோக்கியும் புகைப்படக் கருவியும் கொண்டு பல நாட்டு ஆர்வலர் இத்தகைய படங்களை எடுத்துள்ளனர். அவர்களுக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர் எவருமிலர்.

எப்படி எடுத்தனர்? தோழர்களே, அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நிலவோ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். கலமோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில்! உச்சிவானில் நிலவைக் கடக்க அதற்கு அரை நொடி போதும். அதுவும் ஊரெங்கும் தெரியுமா? தரையில் மூன்று நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைக்குள் நிற்பவனுக்கே தெரியும். அடுத்த ஊரானுக்கு வெறும் நிலவுதான். கருவியின் கண் ஐம்பதில் ஒரு நொடி திறந்திருந்தால் கலம் 150 மீட்டர் ஓடிவிடும்; அதன் நீளமோ 109 மீட்டர்! மிஞ்சுவது மங்கிய கீற்று. ஆகவே ஆயிரத்தில் ஒரு நொடி, அதனினும் குறைவு. மேலும், மெல்லிய காற்றின் உராய்வால் கலம் சிறுகச் சிறுகத் தாழ்கிறது. அவ்வப்போது பொறியை இயக்கி உயர்த்துகின்றனர். சென்ற வாரக் கணக்கு இன்று உதவாது. பழைய ஏட்டைப் பூசிக்காமல், புதிய அளவீட்டால் திருத்தியவனுக்கே படம் கிட்டும்.

"கணக்கு எங்களிடமும் உண்டே! கிரகணத்தை நாழிகை பிசகாமல் சொல்கிறோமே!" என்பர் பஞ்சாங்கத்தார். உண்டு, மறுத்தோமில்லை. கணக்கு எவர் கையில் இருப்பினும் கணக்கே. அதன் முதுகில் 'பலன்' என்னும் பொய்யை ஏற்றுவதைத்தான் சாடுகிறோம். சனிப்பெயர்ச்சியைப் பாருங்கள். திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது; வாக்கியமோ 2026 மார்ச் என்றது. வானில் இருப்பது ஒரே சனிக்கோள்! ஆயினும் இரு நாளுக்கும் பலன் உண்டு, பரிகாரம் உண்டு, தட்டில் தட்சணை உண்டு. நாள் பிசகியது என்று காசைத் திருப்பித் தந்தவர் உண்டோ? அரை நொடி தவறினால் படமெடுப்பவன் "தோற்றேன்" என்கிறான். பதினோரு மாதம் தவறியும் சோதிடர் தோற்பதேயில்லை!

இது ஏமாந்தவன் காசோடு முடிகிற கதையா? 2025 செப்டம்பர் 7 இரவு முழு நிலவு மறைப்பு. புவியின் நிழலில் நிலவு செம்பாய்ச் சிவந்தது. 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை சுனிதா வில்லியம்ஸ் என்னும் பெண், நாம் சொன்ன அந்தக் கலத்தில் வாழ்ந்து, அதே நிழலுக்குள் எத்தனையோ முறை புகுந்து வெளிவந்திருந்தார். நம் தெருவிலோ, கருவுற்ற பெண்ணொருத்தி அந்நிழலுக்கு அஞ்சிச் சன்னலையும் சாத்திக்கொண்டு, தண்ணீரும் பருகாமல் நள்ளிரவு வரை கதவுக்குப் பின்னே உட்கார்ந்திருந்தாள்.