அரிசி வண்டும் புற ஊதா விளக்கும்

சென்ற மாதம் சிட்லபாக்கத்தில் குடும்பச் சந்திப்புக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டுத் தலைவர் விளக்கொன்றைக் கொணர்ந்து நம் முன் வைத்தார். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவிய நாள்களில் கிருமி கொல்லவென்று வாங்கிய புற ஊதா விளக்கு. "சாமி, ஒரு மூட்டை அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. இதைக் காட்டினால் செத்துவிடுமல்லவா?" என்றார். நாமும் யோசியாமல் தலையசைத்துவிட்டோம். இல்லம் திரும்பி நூல்களைப் புரட்டிய பின்னரே நம் பிழை விளங்கிற்று.

புற ஊதாக் கதிர் பூச்சியின் முட்டையிலுள்ள கருவை அழிக்க வல்லதே. ஆனால் ஊடுருவிச் செல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. அரிசி வண்டோ மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் ஒருவகைப் பசையால் அடைத்துவிடுகிறது. முட்டை பொரிந்து, புழுவாய் வளர்ந்து, வண்டாய் உருமாறுவதும் மணிக்குள்ளேயே. மேலே விளக்கு எரிய, உள்ளே குடித்தனம் குறைவின்றி நடக்கும்! அதைவிடக் கொடிது, அவ்விளக்கின் ஒளி பட்டால் நம் கண்ணும் தோலும் வெந்து புண்ணாகும் என்பது. பிள்ளைகள் நடமாடும் வீடாயிற்றே! அன்றிரவே தொலைபேசியில் அழைத்தோம். இன்னும் ஏற்றவில்லை என்றறிந்த பிறகே நமக்கு மூச்சு வந்தது.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இக்கதிரைக் கொண்டு நெற்கிடங்குகளுக்கென ஒரு பொறி அமைத்துள்ளனர். மனிதர் காணாத புற ஊதா ஒளியைப் பூச்சிகள் காணும். 4 வாட் விளக்கொன்றைப் புனலின் நடுவே பொருத்தி இரவில் ஏற்றினால், தானியத் துளைப்பானும் சிவப்பு மாவு வண்டும் அதை நாடி வந்து, கீழுள்ள கலத்தில் வீழ்கின்றன. இங்கே கதிர் செய்வது கொலையன்று, அழைப்பு.

நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த சிட்லபாக்கம் இன்று வீடுகளால் நிறைந்துவிட்டது. எனினும், தண்டுத்துளைப்பான் என்றால் என்னவென்று நம் பங்கின் முதியவர்கள் அறிவர். அதன் புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் மருந்தும் எளிதில் எட்டாது. முட்டையிலேயே அதை மடக்குவது டிரைக்கோகிரம்மா என்னும் குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இராத உயிர்! பிற பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. பிறக்கும் குஞ்சு உள்ளிருப்பதை உண்டு வளர்கிறது.

இக்குளவியைப் பெருக்க முட்டைகள் வேண்டுமே! அதற்காக ஆய்வுக்கூடங்களில், நம் வீட்டு அரிசியை நூலால் பின்னிக் கட்டியாக்கும் அந்துப்பூச்சியையே உடைத்த கம்பில் வளர்க்கின்றனர். அதன் முட்டைகளைப் புற ஊதா விளக்கின்கீழ்ச் சிறிது நேரம் வைக்க, கரு மடிகிறது. ஆயினும் குளவிக்கு அம்முட்டை உணவாகவே இருக்கிறது. குளவி குடியேறிய முட்டைகளை அட்டைகளில் ஒட்டி, எக்டேருக்கு ஓர் இலட்சம் என்னும் கணக்கில் உழவர் வயலில் கட்டுகின்றனர். அச்சமயம் பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவியும் மடியும். ஆகவே கை தெளிப்பானைத் தொடாதிருக்க வேண்டும். வருவாய் முழுவதும் வயலில் கிடக்கும் உழவருக்கு அது எளிதன்று.

அந்த மூட்டை அரிசியைச் சலித்து, மொட்டைமாடியில் வெயிலில் பரப்பச் சொன்னோம். அங்கே வண்டை விரட்டுவது புற ஊதாக் கதிரன்று, சூடே. "இதைத்தான் எங்கள் அத்தை முதல் நாளே சொன்னார்கள், சாமி" என்றார் அவருடைய மனைவி.