விதைநெல்லும் பிரசங்கமும்

2011ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்று. வன்னியில் அப்போதுதான் மீளக் குடியமர்ந்திருந்த ஒரு கிராமத்தில், தறப்பாள் கூரையின் கீழ் பூசை. அன்றைய நற்செய்தி, விதைப்பவன் உவமை. குருமடத்தில் படித்ததையெல்லாம் நான் அங்கே கொட்டினேன். மறைபொருள் என்றேன், இறையரசின் வளர்ச்சிப் படிநிலை என்றேன், கிரேக்கச் சொல் ஒன்றுக்கும் விளக்கம் கொடுத்தேன். மக்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எமது மக்கள் சுவாமிமாரின் பிரசங்கத்தை எப்போதுமே மரியாதையாகத்தான் கேட்பார்கள். அதனால் எமது குறை எமக்குத் தெரிவதில்லை.

பூசை முடிந்ததும் வயதான கமக்காரர் ஒருவர் வந்தார். மிதிவெடி அகற்றி முடியாதபடியால் தன் வயலுக்குள் இன்னும் கால் வைக்க முடியாதிருந்தவர். இடம்பெயர்ந்த நாட்களில் விதைநெல்லையும் குற்றிக் கஞ்சி காய்ச்சிய குடும்பம்.

"சுவாமி, ஒண்டு கேக்கலாமோ? விதைநெல்லை எண்ணி வைச்சிருக்கிறவன் பாதையில சிந்தமாட்டான். கல்லிலையும் முள்ளுக்குள்ளையும் எறியமாட்டான். அந்த மனிசனிட்டை நெல்லுக் கனக்க இருந்திருக்க வேணும். இல்லாட்டி ஒரு துண்டுக் காணியையும் கழிச்சுவிட மனமில்லாத ஆளாய் இருக்க வேணும்."

என் பிரசங்கத்தில் நிலம் இருந்தது, விதை இருந்தது, விதைத்தவர் இருக்கவில்லை. விதைநெல்லை இழந்த மனிதர்தான் அவரைக் கண்டுகொண்டார். ஆண்டவர் இந்த உவமையை வயல் தெரிந்த மக்களுக்கே சொன்னார் என்பதைக் குருமடத்தில் பரீட்சைக்கு எழுதிச் சித்தியடைந்தவன் நான். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

விசுவாசத்தை எளிமையாகப் பகிர்வது என்றதும், படியாதவர்களுக்காகச் சற்று இறங்கிப் பேசுவது என்று எம்மில் பலர் எண்ணுகிறோம். அது எளிமையல்ல, இளக்காரம். கேட்பவர் ஏற்கனவே அறிந்திருப்பதை மதித்து அங்கிருந்து தொடங்குவதே எளிமை என்பது என் கருத்து. அதற்கு எமது நாட்டிலேயே முன்மாதிரி உண்டு.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள், கோவில்கள் பறிக்கப்பட்டன. 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் வரும்வரை ஏறக்குறைய 29 ஆண்டுகள் இங்கே நிலையான குருமார் இல்லை. வந்தவரும் அங்கியோடு வரவில்லை. கூலியாள் கோலத்தில் வந்தார். வயிற்றுளைச்சலில் விழுந்து கிடந்தவருக்கு ஏழைப் பெண் ஒருத்தி கஞ்சி வார்த்து உயிர் காத்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. நற்செய்தி கொண்டுவந்தவர் முதலில் வாங்கி உண்டவராக இருந்தார் என்பதை, திட்ட அறிக்கையும் நிவாரணப் பொதியுமாகக் கிராமத்துக்குள் இறங்கும் என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். பின்னர் கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். பிரசங்கம் இல்லை, மேடை இல்லை.

அந்த முகங்கள் மாறியதற்குக் காரணம், குருவானவர் இல்லாத அந்த நீண்ட காலத்தில் வீடுகளுக்குள் தாய்மாரும் பெரியவர்களும் செபங்களைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்திருந்தமையே. அதே காலத்தில் ஒல்லாந்தரிடம் பள்ளிக்கூடம் இருந்தது, பதிவேடு இருந்தது, அரசாங்கம் இருந்தது. உத்தியோகத்துக்கும் முதுசத்துக்கும் அவர்களுடைய ஞானஸ்நானம் தேவைப்பட்டது. 1796இல் அவர்களுடைய ஆட்சி போனதும், பதிவில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தச் சபையை விட்டு நீங்கினார்கள். சில்லாலையிலும் மன்னாரிலும் முற்றத்தில் சொல்லப்பட்ட செபமோ நிலைத்தது.

எளிமை என்றால் அரைகுறை என்றும் ஆகாது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் ஆழமாகக் கற்று நூல்கள் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் எமது ஊர்களில் தவக்காலத்தில் இன்றும் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர்கள் பொதுநிலையினர். மக்களுக்கு எளிதாய்ச் சேர வேண்டுமென்றால் சொல்பவர் கூடுதலாகக் கஷ்டப்பட வேண்டும்.

மடுமாதாவின் கதையும் ஓர் இடப்பெயர்வின் கதைதான். ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் 1670இல் அந்தச் சுரூபத்தை மருதமடுக் காட்டுக்குக் கொண்டுவந்ததாக மரபு. 2008 சித்திரையில் அது மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஆவணியில் திரும்பியது. ஓடும்போது எதைத் தூக்குவது, எதை விடுவது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பலிபீடத்தையும் கோபுரத்தையும் யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

இப்போது, மனக்கசப்பு வந்தாலும் பரவாயில்லை என்று ஒன்றைச் சொல்கிறேன். யுத்தத்துக்குப் பின் எமது கிராமங்கள் சிலவற்றில் மக்கள் தகரக் கொட்டிலில் இருக்க, சீமெந்துக் கோவில் எழுந்தது. கோவில் வேண்டாம் என்பதல்ல என் வாதம். இடிந்த கோவில் எழும்பும்போது மனங்களும் எழும்புவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு இவ்வளவு என்று திருநாள் வரி விதித்து, கட்டாதவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பது எந்த நற்செய்தி? நுண்கடன் தவணைக்குப் பணமில்லாமல் கடன்காரருக்கு ஒளித்திருந்த தாய் ஒருத்தி, திருநாள் வரியும் நிலுவையாக இருந்தபடியால் ஞாயிறு பூசைக்கும் வராமல் விட்டார். அவரைத் தேடிப் போகச் சில மாதங்கள் எடுத்துவிட்டேன். அவர் கடனுக்கு ஒளித்தது எனக்குப் புரிந்தது. எனக்கு ஒளித்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

நிவாரணத்திலும் இதே கவனம் தேவை. செபக்கூட்டத்துக்கு வந்தவருக்கு விதைநெல், வராதவருக்கு இல்லை என்று யார் செய்தாலும், எம்மவர் செய்தாலும், அது ஒல்லாந்தர் வழி. விதைநெல் காணியைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும், சமயத்தைப் பார்த்தல்ல.

காலபோக விதைப்புக்கு முன்னர், ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மாலை, ஒரு வீட்டு முற்றத்தில் கூடுவோம் என்று கேட்கிறேன். ஒலிபெருக்கி வேண்டாம், உண்டியல் வேண்டாம். உவமை ஒன்றை ஒருவர் வாசிக்கட்டும். கமம் செய்பவர்கள் பேசட்டும். சுவாமிமார் கடைசியில் பேசலாம், பேசாமலும் விடலாம். இந்து அயலவர்கள் வந்தால் பாயில் இடம் கொடுங்கள். தேநீர்ச் செலவு பங்கினுடையது.