சமாதானம் என்ற பெயரில் அநீதி!

வண்ணாரப்பேட்டை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 2020ஆம் ஆண்டு பதிவான அந்த வழக்கை வடசென்னை மக்கள் மறந்திருக்க முடியாது. ஒரு சிறுமியைப் பலர் சேர்ந்து சீரழித்த கொடுமை அது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் எண்ணூர் காவல் ஆய்வாளரும் இருந்தார். அரசியல் கட்சிப் பிரமுகரும் இருந்தார். 2022 செப்டம்பரில் போக்சோ சிறப்பு நீதிமன்றம் 21 பேரைத் தண்டித்தது. 8 பேருக்கு ஆயுள் தண்டனை. ஆய்வாளர் உள்ளிட்ட 13 பேருக்குத் தலா 20 ஆண்டுச் சிறை. காக்கிச் சட்டையும் கட்சிக் கரை வேட்டியும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

வழக்கு நீதிமன்றம் வரை போனதால் இது நடந்தது. போகவிடாமல் அமுக்கப்படும் வழக்குகள் எத்தனை? "பெண் பிள்ளை விஷயம், வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? ஏதாவது வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்" என்று பேசும் பெரிய மனிதர்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். நம் சமுதாயத்தில் இல்லை என்று நெஞ்சில் கை வைத்து யாரும் சொல்ல முடியுமா?

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரம் அமெரிக்க நீதிமன்றங்களில் அன்றாட நடைமுறை. சிறுமிகளைச் சீரழித்த ஜெஃப்ரி எப்ஸ்டீன் என்ற கோடீஸ்வரன் 2008இல் இப்படிப் பேரம் பேசித்தான் சுமார் 13 மாதச் சிறையோடு வெளியே வந்தான். அதிலும் பகலில் அலுவலகம் போய்வரச் சலுகை! நம் நாட்டில் 2006இல் இந்தப் பேர முறை நடைமுறைக்கு வந்தபோது, பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு அது பொருந்தாது என்று சட்டமே விலக்கி வைத்தது. இன்றைய புதிய சட்டத்திலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கு அந்த வாசல் மூடியே இருக்கிறது.

முன்வாசலை மூடினால் என்ன? பின்வாசலில் 'சமரசம்' நுழைகிறது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தேவதாஸ், கடலூர் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக ஜாமீன் வழங்கினார். அந்தப் பெண்ணோ மறுத்துவிட்டார். அடுத்த சில நாட்களில், மத்தியப் பிரதேசத்தின் வேறொரு வழக்கில், பலாத்கார வழக்குகளில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. சென்னை உத்தரவும் ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. தகப்பனே சமரசத்துக்குச் சம்மதித்தாலும் பிள்ளையின் வழக்கை மூடிவிட முடியாது என்பதை 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மார்க்கம் இதை என்றோ சொல்லிவிட்டது. ஒரு கூலியாள் தன் எஜமானின் மனைவியோடு தவறு செய்தான். அவனுடைய தந்தை நூறு ஆடுகளையும் ஓர் அடிமைப் பெண்ணையும் ஈடாகக் கொடுத்து விஷயத்தை முடித்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்த ஈட்டைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, அல்லாஹ்வின் சட்டப்படியே தீர்ப்பளித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. இருவரும் இசைந்து செய்த குற்றத்துக்கே பணப் பேரம் செல்லாது என்றால், அழக்கூடத் தெரியாத குழந்தைக்கு இழைத்த கொடுமைக்கு எந்தப் பணம் ஈடாகும்?

"பிறர் குறையை மறைப்பது நன்மைதானே?" என்று சிலர் கேட்கலாம். ஒருவன் தனக்கும் தன் இறைவனுக்கும் இடையில் செய்துகொண்ட பாவத்தைத்தான் மறைக்கச் சொன்னது மார்க்கம். அடுத்தவரின் உரிமையைப் பறித்தவனை மறைப்பது அநீதிக்குத் துணை போவதாகும். நமக்கும், பெற்றோருக்கும், உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (4:135).

2022 சுதந்திர தினத்தன்று பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகளை குஜராத் அரசு விடுதலை செய்தபோது நாம் கொதித்தோம். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அந்தச் சகோதரிக்காக எழுந்த குரல், நம் தெருவில் குற்றவாளி நம்மவனாக இருக்கும்போது அடங்கிப் போனால், அது நீதிக்காக எழுந்த குரலா? இனப்பற்றின் குரலா?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளே, மகல்லாப் பெரியவர்களே! குடும்பத் தகராறையும் கொடுக்கல் வாங்கலையும் பேசித் தீருங்கள்; அதற்குக் கூலி உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை உங்கள் முன் வந்தால் பஞ்சாயத்து நாற்காலியில் உட்காராதீர்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். அந்தத் தாயை அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். 1098க்கு அழையுங்கள். வழக்கு முடியும்வரை, சாட்சி பிறழாதபடி அந்தக் குடும்பத்துக்குத் துணை நில்லுங்கள். சந்தேகத்துக்குள்ளானவனை ஊர் கூடி அடிக்கவும் வேண்டாம். அவன் தன் தரப்பைச் சொல்ல வேண்டிய இடமும் நீதிமன்றம்தான்.

குடும்ப மானம் என்பது குற்றவாளியைத் தண்டிப்பதால் போவதல்ல. அவனைக் காப்பாற்றுவதால் போவது. அதை உணரும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!