மாநிலங்கள் முந்தட்டும்

நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது தனிநபர் மசோதாக்களுக்கு உரிய நேரம். உறுப்பினர்களில் பலர் தொகுதிக்குப் புறப்பட்டுவிட, காலி இருக்கைகளுக்கு நடுவே மசோதாக்கள் அறிமுகமாகும், பின்னர் மறக்கப்படும். 2015-ஆம் ஆண்டின் இரண்டு வெள்ளிக்கிழமைகளை மட்டும் எளிதில் மறக்க முடியாது.

ஏப்ரல் 24-ஆம் தேதி, திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. எனினும் அது சட்டமாகவில்லை. டிசம்பர் 18-ஆம் தேதி, தன்பாலின உறவைக் குற்றமாகக் கருதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைத் திருத்த சசி தரூர் முயன்றபோது, மசோதாவை அறிமுகம் செய்யவே மக்களவை அனுமதிக்கவில்லை. ஆதரவு 24, எதிர்ப்பு 71. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அவையில் நூறு பேர்கூட வாக்களிக்கவில்லை.

நாடாளுமன்றம் தயங்கிய இடத்தில் 2018-இல் உச்ச நீதிமன்றம் முடிவெடுத்தது. வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றானது. ஆனால், குற்றவாளி அல்ல என்பதும் உரிமையுள்ள குடிமகன் என்பதும் ஒன்றல்ல. இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த துணை மருத்துவமனையில் கிடக்கும்போது, "நீங்கள் யார்?" என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் வேண்டும்.

அந்தப் பதிலைத் தேடிச் சென்றவர்களிடம், திருமணத்தை அடிப்படை உரிமையாகக் கோர இயலாது என்று 2023 அக்டோபர் 17-இல் அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது. அதே வழக்கில் தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, இத்தகைய உறவை அங்கீகரித்துச் சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் உண்டு என்று சுட்டிக்காட்டியது. திருமணம், தத்தெடுப்பு, வாரிசுரிமை ஆகியவை பொதுப் பட்டியலில் உள்ளவை அல்லவா?

மத்திய அரசு 2024-இல் அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைத்தது. ஒரே குடும்ப அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு, துணை இறந்தால் உடலைப் பெறுதல் ஆகியவற்றுக்குச் சுற்றறிக்கைகளும் வந்தன. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் ஓர் அதிகாரியின் கையெழுத்தில் வந்த உரிமை, இன்னொரு அதிகாரியின் கையெழுத்தில் போய்விடக்கூடும்.

எனவேதான் மாநிலங்களை நோக்க வேண்டியுள்ளது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்ட அங்கீகாரம் தந்தது, அண்ணா தலைமையிலான தமிழக அரசு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பதை 1986-இல் ஆந்திரமும், 1989-இல் தமிழகமும், 1994-இல் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் ஏற்றன. நாடாளுமன்றம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது 2005-இல்தான்.

மாநிலங்களுக்கு இந்த அதிகாரம் இல்லை என்று வாதிடுவோர் உத்தரகண்டைப் பார்க்கட்டும். 2024-இல் அந்த மாநிலம் இயற்றிய பொது சிவில் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் திருமணத்தையும், திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வதையும் வரையறுத்தது. இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானவை மட்டுமே என்றது அச்சட்டம். விலக்கி வைக்கப் பயன்படும் அதிகாரம், சேர்த்துக்கொள்ளவும் பயன்படும்.

தடை இல்லாமல் இல்லை. மத்தியச் சட்டத்துடன் முரண்படும் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது நடைமுறையில் மத்திய அரசின் கையில் உள்ளது. ஆனால் காவல்துறை, அரசு மருத்துவமனைகள், மாநில அரசுப் பணி ஆகியவை மாநிலப் பட்டியலில் இருப்பவை. கர்நாடகம் 2021-இல் அரசுப் பணியில் திருநருக்கு ஒரு சதவீத இடஒதுக்கீடு தந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களையும் திருநரையும் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகம் 2022-இல் காவலர் நடத்தை விதிகளைத் திருத்தியது. சேர்ந்து வாழ்வோர் தங்கள் உறவைக் குடும்ப உறவு ஒப்பந்தமாகப் பதிவு செய்ய வழிகாணலாம் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசுக்கு யோசனையும் கூறியது. விதிகளும் யோசனைகளும் சட்டமாக உயர்வதே அடுத்த படி.

சிறு எண்ணிக்கையினரின் உரிமையால் வாக்கு வங்கி நிறையாது என்ற கணக்கே கட்சிகளைத் தடுக்கிறது. தேர்தல் அறிக்கையில் ஒரு வரி எழுதுவது எளிது. பேரவையில் மசோதாவை வைத்து, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பதிவு செய்வது கடினம். அந்தக் கடினமான வேலைக்காகத்தான் சட்டப்பேரவைகளை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.