எழுத்தைத் தேய்க்காதீர்!

துருவைத் தேய்க்கலாம், எழுத்தைத் தேய்க்கலாமா? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு பழைய துப்பாக்கி.

என்.சி.சி. முகாம் ஒன்றில் துப்பாக்கிகளைத் துடைக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. புல்த்ரூவை இழுத்துக் குழலைத் துடைத்து முடித்தேன். விசைக்குச் சற்று மேலே, பின்கட்டை வந்து பொருந்தும் இடத்தில் ஓர் இரும்புப் பட்டை இருந்தது. அதில் மங்கலாக ஏதோ கறை. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

“தம்பி, நிறுத்து! அது அழுக்கு இல்லை, அதோட பிறப்புச் சான்றிதழ்” என்றார் பயிற்சி தந்த ஹவில்தார்.

கையை எடுத்துப் பார்த்தேன். ஒரு கிரீடம், அதன் கீழே ஜி.ஆர். என்ற எழுத்துகள், பிறகு 1917 என்ற ஆண்டு. அந்த ஆண்டின் கடைசி எண் பாதி அழிந்திருந்தது. அழித்தவன் நானே!

நாங்கள் 25 கெஜத்தில் சுட்டுப் பழகும் .22 துப்பாக்கி அது. முதல் உலகப் போர் நடந்த 1917இல் போர்வீரனுக்குத் தேவைப்பட்டது .303 அல்லவா? அந்த ஆண்டில் பிறந்த துப்பாக்கி எங்கள் கைக்கு எப்படி .22 ஆக வந்தது? விடை தேடி நூல்களைப் புரட்டினேன். அப்போதுதான் ஒரு பெரிய வரலாறு கண்ணில் பட்டது.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், குறி தவறாமல் சுடும் குடியானவர்களிடம் பிரிட்டிஷ் படை பெரிதும் திணறியது. நாடு திரும்பிய ராபர்ட்ஸ் பிரபு, சாதாரண மக்களும் குறிபார்த்துச் சுடக் கற்க வேண்டும் என்று ஊர் ஊராக வலியுறுத்தினார். ஆனால் .303 தோட்டா விலை மிகுந்தது, வெகுதூரம் பாய்வது, தோளை உதைப்பது. ஊருக்குள் அதைச் சுட்டுப் பழக இடமேது? சிறிய .22 விளிம்படித் தோட்டாவோ மலிவானது. சிறு கூடத்திலும் சுடத்தக்கது. எனவே, பழைய படைத் துப்பாக்கிகளையே .22 ஆக மாற்றும் வழி பிறந்தது. 1907இல் பழைய லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கிகள் இவ்வாறு மாற்றப்பட்டன. 1921இல், போரில் பயன்பட்ட எஸ்.எம்.எல்.ஈ. வகையே பயிற்சித் துப்பாக்கியாக உருமாறியது. 1926இல் பெயர் முறை திருத்தப்பட்டபோது அதற்கு ‘நம்பர் 2’ என்று பெயரிட்டனர்.

மாற்றிய விதத்தில்தான் எத்தனை சிக்கனம்! சிலவற்றில் .22 குழலையே புதிதாகப் பொருத்தினர். வேறு சிலவற்றில் தேய்ந்த .303 குழலைத் துளைத்து, உள்ளே ஒரு மெல்லிய .22 குழாயைச் செருகினர். ‘மார்க் 4’ என்பதன் அருகே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் இந்த வகை. சிறு தோட்டாவை அதன் விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். ஆகவே போல்ட்டின் தலையையும் மாற்றினர். மேகசினின் உட்பகுதியை எடுத்துவிட்டு, வெறும் பெட்டியை விட்டுவைத்தனர். அது காலிக் கூடுகள் விழும் குப்பைத்தொட்டி ஆயிற்று! 1918இல் வந்த ஒரு வகை இன்னும் வியப்பானது. .303 தோட்டாவின் வடிவிலேயே ஓர் உறை, அதற்குள் சிறிய.22 தோட்டா. வீரன் போர்க்களத்தில் எப்படித் தோட்டா நிரப்புவானோ, அப்படியே பயிற்சியிலும் நிரப்பிப் பழகலாம்.

இந்த மாற்றங்கள் அனைத்தையும் இரும்பு தன் உடலில் எழுதி வைத்திருக்கிறது. வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், ஈ.ஆர். என்றால் எட்வர்டு, ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். நம் நாட்டு இஷாப்பூர் தொழிற்சாலையில் பிறந்தவற்றில் ஜி.ஆர்.ஐ. என்றிருக்கும், அந்தக் கடைசி ‘ஐ’, பேரரசர் என்று அறிவிக்கிறது. விடுதலைக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு பேரரசு வந்ததும் போனதும் கட்டைவிரல் அகல இரும்பில் அடங்கிவிட்டன! அகன்ற அம்புக் குறி அரசுடைமையைக் காட்டும். குழல், உடல், போல்ட் மூன்றிலும் ஒரே தொடர் எண் இருந்தால் அவை நெடுநாள் கூட்டாளிகள். வேறுபட்டால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இவற்றைச் சேகரிப்போர் பலர். அவர்களில் ஒரு சாராரோடுதான் எனக்கு வழக்கு. பழைய துப்பாக்கி கையில் கிடைத்ததும் அதைப் ‘புதுப்பிக்க’ வேண்டும் என்கின்றனர். இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி நீலமேற்றுகின்றனர். சிலர் .22 குழலைக் கழற்றிவிட்டு மீண்டும் .303 குழலைப் பூட்டி, “இதுவே இதன் மூல வடிவம்” என்கின்றனர்.

எது மூல வடிவம்? பதுங்குகுழியில் ஓராண்டு இருந்ததா? பள்ளிப் பிள்ளைகளின் தோளில் முப்பது ஆண்டு இருந்ததா? போர்த் துப்பாக்கிகள் இலட்சக்கணக்கில் உண்டு. போருக்குப் போய்வந்து ஆசிரியராகிப்போன துப்பாக்கியின் சிறப்பே அந்த இரண்டாம் பிறவிதான். அதை அழித்துவிட்டு முதற் பிறவியை மீட்பது, ஓலைச்சுவடியைச் சுரண்டிவிட்டு வெறும் பனை ஓலையைக் காட்டுவது போன்றதாகும்.

இது அழகு பற்றிய வாதம் மட்டுமன்று. உயிர் பற்றியதும் ஆகும். சில துப்பாக்கிகளில் டி.பி. என்ற இரண்டு எழுத்துகள் பொறித்திருக்கும். ‘கவாத்துக்கு மட்டும்’ என்பது அதன் பொருள். சுடும் தகுதியை இழந்தவை அவை. தேய்த்து மெருகேற்றும்போது அந்த எழுத்துகள் மறைந்தால், அடுத்துத் தோட்டா போடுகிறவனின் முகத்துக்கு நேரே ஆபத்து காத்திருக்கிறது. அரிய வகைக்கு விலை அதிகம் என்பதால் போலி முத்திரை குத்துவோரும் உண்டு. மெய் முத்திரைகளை நாமே அழித்துவிட்டால் பொய்யை எதனோடு ஒப்பிட்டு அறிவது?

“கொல்லும் கருவிக்கு இத்தனை பரிவா? காந்தி பிறந்த நாடல்லவா இது?” என்று எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் துப்பாக்கியைப் போற்றவில்லை ஐயா. சிறு தோட்டா, சிறு ஓசை, விளையாட்டுப் போட்டி என்று தொடங்கிய பயிற்சி, 1914இல் எத்தனையோ இளைஞர்களைப் போர்முனைக்கு ஆயத்தமாக்கியிருந்தது. அந்த எழுத்துகள் இருந்தால்தான் இந்த உண்மையும் நினைவிருக்கும். பளபளக்கும் இரும்பு பெருமையை மட்டுமே பேசும். தழும்புள்ள இரும்பே உண்மையைப் பேசும்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமமின்றித் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது; என்.சி.சி. துப்பாக்கிகளோ அரசின் உடைமை. ஆகவே சேகரிப்பது நம் வேலையன்று. வாசிப்பது நம்மால் முடியும். துடைக்கும்போது எண்ணெயும் துணியும் போதும், உப்புத்தாள் வேண்டாம். பொறுப்பு அதிகாரியின் அனுமதியோடு ஒவ்வொன்றின் முத்திரைகளையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். பணி ஓய்வு பெறும் பழைய துப்பாக்கிகள் எல்லாவற்றையும் உருக்காலைக்கு அனுப்பிவிடாமல், வகைக்கு ஒன்றையேனும் செயலிழக்கச் செய்து, முத்திரை மாறாமல் அருங்காட்சியகத்தில் வைக்குமாறு அரசை வேண்டலாம்.

கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி மறைத்தவர்களை வரலாற்று வகுப்பில் நாம் கடிந்துகொள்கிறோம். கையில் உப்புத்தாளோடு நின்ற நானும் அவர்களில் ஒருவனே என்பதை அன்று உணர்ந்தேன். அந்த ஏழாம் எண்ணின் பாதியை இனி யாராலும் மீட்டுத் தர இயலாது. மற்ற எழுத்துகளையேனும் காப்போம், நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு