பேரீச்சம்பழமும் எலுமிச்சம்பழமும்

கணபதியிலே, சத்தி சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில் நாம் அமர்ந்திருந்த வேளையில் தோழர் ஒருவர் வந்து நின்றார். கையிலே எண்ணெய்க் கறை, கண்ணிலே தூக்கமில்லை. வாசலிலே அவருடைய வண்டி. 'குட்டியானை' என்று ஊரெங்கும் பெயர் பெற்ற சிறு சுமை வண்டி. வார்ப்படப் பட்டறையிலிருந்து லேத் பட்டறைக்கும், லேத் பட்டறையிலிருந்து மோட்டார் கம்பெனிக்கும் நாள் முழுவதும் இரும்பு சுமந்து, அவர் வீட்டு அடுப்பை எரியவைக்கிற வண்டி. அதற்கு வயது பதினைந்து.

"ஏனுங்ணா, என்ஜின் வேலைக்கு அறுபதாயிரம் ஆகும்னு சொல்றாங்க. செலவு பண்ணி ஓட்டறதுங்களா, தள்ளிப்போட்டுப் புதுசு எடுக்கறதுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்ணா" என்றார்.

நாம் மெக்கானிக் அல்லர். ஆனாலும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அது அவர் ஒருவருடைய கேள்வியா? ஆட்டோ ஓட்டுகிறவனின் கேள்வி. லாரி ஓட்டுகிறவனின் கேள்வி. பழைய மோட்டார் சைக்கிளிலே ஆலைக்குப் போகிறவனின் கேள்வி. ஏன், அரசாங்கப் போக்குவரத்துக் கழகத்தின் கேள்வியும் அதுதான்! அதனால்தான் இன்று இதை எழுதுகிறோம்.

தோழரின் காதிலே இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. ஒரு குரல், "பழசா? பேரீச்சம்பழத்துக்குப் போடு! கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கே புது வண்டி வாசலில் நிற்கும்" என்கிறது. அது விற்கிறவனின் குரல். மற்றொரு குரல், "ராசியான வண்டியப்பா! அப்பன் காலத்திலிருந்து சோறு போட்டது. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டி ஓட்டு!" என்கிறது. அது பாசத்தின் குரல்.

பேரீச்சம்பழம் ஒரு பக்கம், எலுமிச்சம்பழம் மறு பக்கம். இரண்டு பழத்துக்கும் நடுவே நசுங்குவது பாட்டாளியின் சட்டைப்பை! எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது, தோழர்களே. புது வண்டியின் பளபளப்பு மாதத் தவணையும் கட்டாது. பழையது என்பதற்காகக் கும்பிடவும் வேண்டாம். புதியது என்பதற்காக மயங்கவும் வேண்டாம். ஆராய்ந்து பார், பிறகு முடிவு செய் என்பதுதானே நாம் மேடைதோறும் பேசிவந்த பாடம்? அந்தப் பாடம் மேடைக்கு மட்டுமா? பட்டறைக்கும் அதுதான்.

ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

அறுபதாயிரம் செலவிட்டால் வண்டி இன்னும் மூன்று ஆண்டு ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 ரூபாய். புது வண்டிக்கு முன்பணம் போக மாதத் தவணை 12,000 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். "ஆகா, பழையதே லாபம்!" என்று துள்ளவேண்டாம். கணக்கு இன்னும் முடியவில்லை.

வண்டி பட்டறையிலே படுத்திருக்கும் நாளுக்குக் கூலி ஏது? நாள் வருமானம் 1,500 ரூபாய் என்றும், மாதத்துக்கு இரண்டு நாள் வண்டி நிற்கிறது என்றும் கொண்டால், ஆண்டுக்கு 36,000 போச்சு. பழுதுச் செலவோடு சேர்த்தால் 56,000. அப்போதும் பழைய வண்டியே மேல். மாதத்துக்கு ஆறு நாள் நின்றால்? 1,08,000 போச்சு. பழுதுச் செலவோடு 1,28,000. தவணைக்குப் பக்கத்திலே வந்து நிற்கிறது! தவணை முடிந்தால் புது வண்டியாவது கையில் நிற்கும். பட்டறைக்குக் கொடுத்த பணம் நிற்குமா? "இவன் வண்டி என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது" என்று கம்பெனிக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டால், அந்த நட்டத்தை எந்த நோட்டிலே எழுதுவது?

எனவே பழுதுபார்க்கும் செலவை மட்டும் பார்க்காதீர்கள். வண்டி படுக்கிற நாட்களையும் எண்ணுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆறு மாதம் எழுதி வையுங்கள். விற்கிறவனைவிட அந்த நோட்டு உங்களுக்கு உண்மை சொல்லும்.

ஆனால், கணக்குக்கே இடமில்லாத சில உண்டு. சேஸிலே விரிசல், பிரேக்கிலே பழுது, ஸ்டியரிங்கிலே ஆட்டம். இவற்றிலே ரூபாய் பேரம் கூடாது. என்ஜின் கெட்டால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது! என்ஜின் நின்றால் நட்டம் உங்களுக்கு. பிரேக் விட்டால் நட்டம், பள்ளிக்கூடம் விட்டுச் சாலையைக் கடக்கிற பிள்ளையைப் பெற்றவளுக்கு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் முதலில் வயதைக் கேட்கிறது. 2021-ல் ஒன்றிய அரசு பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய் 1,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அதையும் இரட்டிப்பாக்கி, காருக்கு 10,000, மோட்டார் சைக்கிளுக்கு 2,000 என்றார்கள். பழையதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவோருக்குச் சாலை வரியில் சலுகை தரலாம் என்றார்கள். சொந்த வண்டிக்கு 25 விழுக்காடு வரை, வாடகை வண்டிக்கு 15 விழுக்காடு வரை. யாருக்குச் சலுகை? புதியது வாங்கப் பணம் உள்ளவனுக்கு! வாங்க வழியில்லாமல் பழையதை ஓட்டுகிறவனுக்கோ, கட்டண உயர்வு!

டில்லியிலே என்ன நடந்தது? பத்தாண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் எரிபொருளே ஊற்றக் கூடாது என்று 2025 ஜூலை முதல் நாள் தொடங்கினார்கள். மக்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள்.

புகையைப் பற்றி நமக்குக் கவலை இல்லையா? உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் புது வண்டிகளைவிடப் பழைய டீசல் வண்டிகள் மிகுதியாகப் புகை கக்குகின்றன, மறுக்கவில்லை. அந்தப் புகையைக் குடிப்பவன் மாளிகைவாசி அல்லன். சாலையோரத்திலே காய்கறி விற்பவள், பேருந்துக்குக் காத்து நிற்பவன். ஆகவே புகையை அள, பிரேக்கைச் சோதி, சேஸைத் தட்டிப் பார். தேறினால் ஓடட்டும், தேறாவிட்டால் நிற்கட்டும். பத்து வயதிலேயே பாழான வண்டியும் உண்டு. இருபது வயதிலும் திடமான வண்டியும் உண்டு.

பழைய வண்டி என்றால் முகம் சுளிப்போருக்கு இந்த வட்டாரத்து வரலாறு ஒன்றைச் சொல்வோம். கலங்கலிலே பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியிலே வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? பூசை போட்டாரா? அக்கு அக்காகக் கழற்றினார்! கழற்றிக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்து ஓட்டத் தொடங்கி, பெரிய நிறுவனத்தையே எழுப்பினார். 1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டினர். அந்தப் பாலசுந்தரம் நாயுடுதான் இதே கணபதியிலே டெக்ஸ்டூல் ஆலையை வளர்த்தவர். பழையதைக் கழற்றிப் பார்த்த கையிலிருந்துதான் கோவையின் தொழில் பிறந்தது!

இனி, மக்களின் வண்டிக்கு வருவோம். 1972-ல் கலைஞர் ஆட்சியிலே தனியார் பேருந்துகள் நாட்டுடைமையாகி, கோவையிலே சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெருமைதான். ஆனால் பெருமை பேசினால் பலகை உறுதியாகிவிடுமா? 2024 பிப்ரவரியில் சென்னையிலே ஓடும் பேருந்தின் தளப்பலகை உடைந்து பெண் பயணி ஒருவர் ஓட்டை வழியே விழுந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலே, வளைவில் இருக்கை கழன்று நடத்துநர் ஒருவர் பேருந்துக்கு வெளியே வீசப்பட்டார். உயிர் தப்பினார்கள் என்பதால் மறந்துவிடலாமா? நம்மவர் ஆட்சிக் காலத்தில் நடந்தது என்பதால் வாய்மூடலாமா? தோழமையோடு சுட்டிக்காட்டுவது நம் கடமை.

வழியும் இருக்கிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையிலே 1,000 புதிய பேருந்துகள் வாங்கவும், 500 பழைய பேருந்துகளைப் புதுப்பிக்கவும் 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சேஸும் என்ஜினும் நன்றாயிருந்தால் கூண்டை மட்டும் புதிதாய்க் கட்டு. அவையே போனால் புதியது வாங்கு. இதுதான் அறிவுக்குகந்த வழி. இதைத் தயங்காமல், தாமதிக்காமல் தொடர்ந்து செய்யவேண்டும் என்கிறோம்.

அந்தத் தோழரின் வண்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். "முதலில் என்ஜினை விடுங்கள், வண்டியைத் தூக்கிச் சேஸைப் பாருங்கள்" என்றோம். கூடவே பட்டறைக்கும் போனோம். பழுதுபார்க்கலாம் என்ற தீர்ப்பைத்தான் நம் மனம் விரும்பியது. ஆனால் பட்டறைக்காரர் விளக்கைப் பிடித்துக் காட்டிய இடத்திலே, ஏற்கெனவே இருமுறை வெல்டிங் வைத்த சேஸ், மூன்றாம் முறையாக விரிந்திருந்தது. அறுபதாயிரம் கொட்டினாலும் அந்த எலும்பு சேராது. தோழர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தெரிஞ்சுதானுங்ணா ஓட்டிட்டு இருந்தேன். நிறுத்துனா சோத்துக்கு என்ன பண்றது?" என்றார்.

அந்தச் சொல் நம்மைச் சுட்டது! அறியாமையால் அல்ல, வறுமையால் அந்த வண்டி ஓடியது. தள்ளவேண்டியது என்று தெரிந்தும் தள்ள முடியாத நிலையிலே உழைப்பாளியை வைத்துவிட்டு, அவன் மீது அபராதத்தையும் கட்டணத்தையும் ஏற்றினால் சாலை பாதுகாப்பாகிவிடுமா?

ஆகவே கேட்கிறோம். பிறந்த ஆண்டைப் பார்க்காமல், வண்டியின் நிலையை நேர்மையாகச் சோதிக்கும் முறை வேண்டும். சோதனையில் தேறாத வண்டியை நம்பிப் பிழைப்பவனுக்கு, கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் மாற்று வண்டி வாங்க, கூட்டுறவு வங்கியிலே குறைந்த வட்டிக் கடன் வேண்டும். தேறிய வண்டியை வைத்திருப்பவனை வயதைச் சொல்லி வதைக்காதிருக்க வேண்டும்.

தோழர்களே! இந்த வாரமே உங்கள் வண்டியைத் தூக்கி அடியிலே பாருங்கள். எலுமிச்சம்பழத்தை நம்பாதீர்கள், பேரீச்சம்பழத்துக்கும் அவசரப்படாதீர்கள். வண்டியின் வயதைக் கேட்காதீர்கள், வலுவைக் கேளுங்கள்!